வாழைக்குக் கட்டிய தாலியும் ஜொகூர் வீடும்

தம்பி,

இந்தக் கடிதத்தை உன் பைக்குள், காகிதக் கட்டுக்கு மேலே வைக்கிறேன். திருச்சி விமான நிலையம் போய்ச் சேரும் முன் எப்படியும் ஒரு தடவை காகிதங்களை எடுத்துச் சரிபார்ப்பாய். சின்ன வயதில் பள்ளிக்கூடம் கிளம்பும்போதே பையைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தவன் நீ. அதனால் விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உனக்கு நாங்கள் எழுதிக் கொடுத்திருக்கும் பவர் பத்திரத்தில், மலேசியாவில் உள்ள உன் அண்ணனின் ஜொகூர் வீட்டை விற்கும் அதிகாரம் இல்லை. போன தடவை நீ வந்தபோது நாம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்த பத்திரம் அல்ல இது. நானும் உன் அம்மாவும் இராமநாதபுரம் போய் அதை ரத்து செய்துவிட்டு வேறு எழுதினோம். அந்த வீட்டில் எங்களுக்குச் சேர வேண்டிய பாதியை, அங்கே குடியிருக்கும் தேவிகாவுக்கு விட்டுக்கொடுப்பதாக எங்கள் சார்பில் கையெழுத்துப் போடலாம். அந்த ஒரு அதிகாரம் மட்டும்தான் இதில் உண்டு.

நேரில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ பேசுவாய், நானும் விடாமல் பேசுவேன், அம்மா பாதியில் எழுந்து உள்ளே போய்விடுவாள். அண்ணன் போனதிலிருந்து இந்த வீட்டில் எந்தப் பேச்சும் அப்படித்தான் முடிகிறது. எழுதினால் நீ கடைசி வரை படிப்பாய். கோபமாகத்தான் படிப்பாய். பரவாயில்லை, படி.

எனக்கு என்ன ஆகிவிட்டது என்று நீ கேட்டாய், போன வாரம் போனில். ஒன்றும் ஆகவில்லை, அதுதான் சங்கடம். மூத்தவன் நாகநாதன் இறந்த செய்தி வந்த அன்று நான் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சிக் கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு, பாய்ந்துகொண்டிருந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் மோட்டாரை நிறுத்தினேன். அப்புறம்தான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அன்றிலிருந்து இன்று வரை எனக்கு அழுகை வரவில்லை. வேளாவேளைக்குப் பசிக்கிறது, தூக்கம் வருகிறது, பேப்பர் படிக்கிறேன். கால் மரத்துப்போனால் கீழே ஊன்றிப் பார்ப்போம் இல்லையா, தரை தட்டுகிறதா என்று. அப்படித்தான் நானும் அவ்வப்போது அவன் பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன். இதை உன்னிடம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த முடிவை நான் மனம் உருகி எடுத்தேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது. உருகுகிற நிலையில் நான் இல்லை.

மலேசியாவிலிருந்து அண்ணன் பெட்டியில் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும், பாதி நினைவிருக்காது. நீ சென்னையிலிருந்து நேரே திருச்சி வந்து, சரக்குப் பிரிவில் கையெழுத்துப் போட்டு, ஆம்புலன்ஸில் அண்ணனோடு வந்தாய். வாசலில் இறங்கியதும் சுவரோரமாக உட்கார்ந்தவன், எடுக்கும் வரை எழுந்திருக்கவே இல்லை. அதனால் உள்ளே நடந்தது முழுவதையும் நீ பார்க்கவில்லை. உன் தாய்மாமன்தான் முன்னால் நின்றார். "மாப்ள, முப்பத்தி நாலு வயசுப் பய. கல்யாணம் பாக்காமப் போறான். கன்னியாப் போகவிட்டா ஆகாது. வாழைக்குக் கட்டித்தான் எடுக்கணும்" என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கொல்லையிலிருந்து ஒரு வாழைக்கன்றை வெட்டிக்கொண்டு வந்து, அதற்கு ஒரு மஞ்சள் சேலையைச் சுற்றி, அவன் பக்கத்தில் வைத்தார்கள். மஞ்சள் துண்டு கோத்த கயிற்றை அவன் கையில் தொட்டு எடுத்து, அந்தக் கன்றில் மாமா மூன்று முடிச்சுப் போட்டார். யாரோ குலவை போடப் போய் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். உன் அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கயிற்றை அறுத்து, கன்றை இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டு, பாடையைத் தூக்கினார்கள். நம் ஊரில் கல்யாணமாகாமல் போனவனுக்கு எல்லாரும் செய்வதுதான். யாரும் தப்பாக ஒன்றும் செய்யவில்லை.

அதற்கப்புறம் வீட்டு விஷயம் வந்தது. அவன் உயிலும் எழுதவில்லை, நாமினி என்று யாரையும் நியமிக்கவும் இல்லை. அந்த வயதில் யார் எழுதுகிறார்கள்? நம் ஊர்ச் சொத்தாக இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு முடித்திருப்பேன். வி.ஏ.ஓ. வேலையில் இருந்த காலமெல்லாம் எத்தனை இழவு வீட்டுக்கு வாரிசு விசாரணைக்குப் போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆனால் மண் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான் பேசும். நம் தாசில்தார் கொடுக்கும் சான்றிதழ், இன்னார் இன்னாருக்கு இன்ன உறவு என்று அங்கே காட்டுவதற்குத்தான். யாருக்கு எவ்வளவு என்பதை அவர்கள்தான் சொல்வார்கள். அதையும் மொழிபெயர்த்து, சென்னை முத்திரை, டில்லி முத்திரை, அப்புறம் அவர்கள் நாட்டுத் தூதரக முத்திரை என்று ஒவ்வொன்றாக வாங்க வேண்டும். நீதான் அலைந்தாய். நான் இங்கே உட்கார்ந்துகொண்டு 'இது சரியில்லை, அது சரியில்லை' என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றாலும் அந்தப் புத்தி போகவில்லை என்று நீ எரிந்து விழுந்தது நியாயம்தான்.

வாரிசு விசாரணையில் நான் ஒரு முறை வைத்திருந்தேன். எல்லார் முன்னாலும் கேட்க வேண்டியதைக் கேட்டு எழுதிவிட்டு, கிளம்பும்போது பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரை மட்டும் வண்டி வரைக்கும் துணைக்கு வரச்சொல்வேன். வண்டியைக் கிளப்புவதற்கு முன் மெதுவாக, "வேற யாரும் உண்டா?" என்று கேட்பேன். இன்னொரு வீடு, இன்னொரு பிள்ளை, கோபித்துக்கொண்டு போன மனைவி என்று எதுவாக இருந்தாலும் அந்தக் கேள்விக்குத்தான் பதில் வரும். நயினார்கோவில் பக்கம் ஒரு வீட்டில் இப்படிக் கேட்டதற்காக, இறந்தவரின் மகன் என் சட்டையைப் பிடித்தான். மறு வாரம் உண்மையிலேயே ஒரு பெண் கைக்குழந்தையோடு தாலுகா அலுவலகத்தில் வந்து நின்றாள். 'கேட்டு வைத்தது நல்லதாகப் போயிற்று' என்று பல நாள் வீட்டில் பெருமையடித்துக் கொண்டிருந்தேன். நீயும் கேட்டிருப்பாய்.

நம் வீட்டுக்கு விசாரணைக்கு வந்தது இப்போதைய வி.ஏ.ஓ. பெண். மரியாதையான பிள்ளை. நாற்காலியில் உட்காரவே தயங்கினாள். "சார், உங்களுக்குத் தெரியாத நடைமுறையா? நீங்களே சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றாள். நான் சொன்னேன், அவள் எழுதினாள். மணமாகாதவர், வாரிசுகள் தாய், தந்தை. சாட்சிக்கு வந்த உன் மாமாவிடம் பேச்சுக்குத்தான் ஏதோ கேட்டாள். அவர், "என்னம்மா கேக்குற? ஊரே பாக்க வாழைக்குத் தாலி கட்டித்தான எடுத்தோம். இன்னும் என்ன விசாரணை வேணும்?" என்றார். அவளும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கினாள். யாரையும் தனியாக வண்டிப் பக்கம் கூட்டிப்போகவில்லை. நாம் செய்த சடங்கே அவனுக்குக் கல்யாணமாகவில்லை என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. அந்தச் சான்றிதழைத்தான் முத்திரை மேல் முத்திரையாகக் குத்தி நீ கடல் தாண்டி அனுப்பினாய்.

அங்கிருந்த வக்கீல் ஆள் அனுப்பி வீட்டைப் பார்க்கச் சொன்னபோதுதான் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்திருக்கிறாள். 'நான் அவர் மனைவி' என்று சொல்லி, பதிவுத் திருமணச் சான்றைக் காட்டியிருக்கிறாள். வக்கீல் உனக்குச் சொன்னார், நீ எனக்குச் சொன்னாய். அன்றைக்கு நீ பேசியது எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. "அய்யா, சேந்து ஒரு வருசம்கூட இருக்கல. யாருன்னே நமக்குத் தெரியாது. வீடு அண்ணன் ஒத்த ஆளாச் சம்பாரிச்சது. பாதிய அவ எடுத்துக்கட்டும், நம்ம பாதிய வித்துட்டு வந்துருவோம்." நீ சொன்னதில் சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. அந்த நாட்டுச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. பிள்ளை இல்லாவிட்டால் மனைவிக்குப் பாதி, பெற்றவர்களுக்குப் பாதி. தை மாதம் உனக்குக் கல்யாணம். மதுரையில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறாய். பெண் வீட்டாருக்கும் சொல்லிவிட்டாய். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. அதனால்தான் நானும் முதலில் சரி என்றேன், முதல் பத்திரத்தை அப்படியே எழுதினோம்.

அந்தப் பெண்ணோடு பேச வேண்டும் என்று அம்மா சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். "சொத்து விஷயம், வாயை விட்டுவிடக் கூடாது, வக்கீல் மூலமாகத்தான் பேச வேண்டும்" என்று வேலையில் இருந்தபோது பேசுகிற குரலில் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு போய், மத்தியானம் நான் கண்ணயர்ந்ததும் வக்கீல் கொடுத்திருந்த நம்பருக்கு என் போனிலிருந்தே போட்டுவிட்டாள். நான் எழுந்து வந்தபோது அடுப்படியில் கீழே உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்துக்கொண்டு, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தேவிகா பேசிக்கொண்டிருந்தாள். நல்ல தமிழ். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் பேசுகிற தமிழ். அவளுடைய தாத்தா இந்தப் பக்கத்திலிருந்து போனவராம், எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியவில்லை. நாகநாதனைவிட ஐந்து வயது மூத்தவள். முன்பே ஒரு கல்யாணமாகி விலகியவள். இதைச் சொல்லத்தான் அவன் பொங்கலுக்கு வருவதாக இருந்திருக்கிறான். "பொங்கலுக்கு வாரேன், ஒரு விசயம் பேசணும்" என்று என்னிடமும் சொன்னான். நான் வீட்டுக் கடன் பற்றி இருக்கும் என்று நினைத்து, சரி வா என்று வைத்துவிட்டேன்.

"ஏம்மா, அன்னிக்கே சொல்லிருக்கலாமுல்ல?" என்று அம்மா கேட்டாள். "சொல்ல வாய் வரலம்மா. அவரை அனுப்பி வைக்கிற வேலையெல்லாம் நான்தான் பார்த்தேன். ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிறவங்கன்னு சொல்லி உங்களோட ஒரு தடவை போன்லயும் பேசினேன். நீங்க அழுதுக்கிட்டே இருந்தீங்க. அப்ப போய் நான் யாருன்னு சொன்னா, மறைச்சிட்டாருன்னு அவர் மேல உங்களுக்குக் கோபம் வந்திடும்னு பயந்தேன். கோபத்தோட அவரை நீங்க வழியனுப்பக் கூடாதுல்ல?" என்றாள். எனக்கு உடனே உன் அண்ணன் சைக்கிளில் இருந்து விழுந்தது ஞாபகம் வந்தது. கை எலும்பு விலகியதைப் பற்றி மறுநாள் வரை மூச்சு விடாமல் இருந்தான். இடது கையால் சோற்றைப் பிசைந்ததைப் பார்த்துத்தான் அம்மா கண்டுபிடித்தாள். ஏன்டா சொல்லவில்லை என்றதற்கு, "நீங்க கதிரறுப்புல இருந்தீங்க" என்றான். சரியான ஜோடியைத்தான் பிடித்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது, நின்றுவிட்டது.

அவள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை தம்பி. அம்மாவும் பேசவில்லை. அவள் கேட்டதெல்லாம், "கடைசியில எல்லாம் எப்படிம்மா செஞ்சீங்க? எனக்கு எதுவுமே தெரியாது. பெட்டியை மூடினதுக்கு அப்புறம் நான் பார்க்கல" என்பதுதான். அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். எந்தச் சட்டை போட்டது, யார் யார் வந்தது, நீ கொள்ளி வைத்தது. சாம்பலைக் கரைக்க நாம் ராமேஸ்வரம் போனதையும் சொன்னாள். உச்சிப்புளி தாண்டும்போது ஒரு விமானம் தாழப் பறந்ததே, "இது மலேசியாவுல இருந்து வருதோ?" என்று தான் கேட்டதையும், அது நேவிக்காரன் விமானம் என்று நான் எரிந்து விழுந்ததையும் சொன்னாள். அக்னி தீர்த்தத்தில் காசியிலிருந்தும் எங்கிருந்தோவும் வந்தவர்களின் கூட்டத்தில் இடம் கிடைக்காமல், நம்மூர்க் கடலில் நாமே வரிசையில் நின்றதையும் சொன்னாள். வாழைக்கன்றை மட்டும் சொல்லவில்லை. நான் வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லாமல் விடட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். சொல்லி என்ன ஆகப் போகிறது?

அப்புறம் அம்மா அவளிடம், தாலியை என்ன செய்தாய், யார் கழற்றினார்கள் என்று கேட்டாள். கூடப் பெரியவர்கள் யாரும் இருந்தார்களா என்று கவலைப்பட்டுக் கேட்டாள். அதற்கு அவள், "தாலி கட்டலம்மா. ரிஜிஸ்டர் மட்டும்தான். பொங்கலுக்கு உங்க முன்னாடி கட்டணும்னு சொல்லிட்டாரு. அதனால கழற்ற ஒண்ணும் இல்ல" என்றாள். அம்மாவின் கை கீரையில் அப்படியே நின்றுவிட்டது. லைன் போய்விட்டதோ என்று அந்தப் பெண் இரண்டு தடவை "அம்மா? அம்மா?" என்று கூப்பிட்டாள். பிறகு அம்மா சொல்லிவிட்டாள். "நாங்க ஒரு தப்புப் பண்ணிட்டோம் தாயி. ஒன்னயத் தெரியாமப் பண்ணிட்டோம். அவன் கையில தொட்டு வாழைக்குக் கட்டிட்டோம்" என்று ஆரம்பித்து, சேலை சுற்றியது, மூன்று முடிச்சு, அறுத்தது, வெட்டியது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். நான் போய் போனைப் பிடுங்கியிருப்பேன். ஆனால் வாசல்படியிலேயே நின்றேன். உன் அண்ணன் தன் கையால் தொட்டுக் கொடுத்த ஒரே தாலி அதுதான், அதையும் வெட்டிப் போட்டாயிற்று. பதிவு செய்துகொண்ட மனைவி இருக்கும்போது அவள் இடத்தில் ஒரு வாழையை நிறுத்தி வைத்தோம். அதைச் சாட்சியாக வைத்து வாரிசு சான்றிதழில் அவள் பெயரே இல்லாமல் செய்துவிட்டோம்.

அந்தப் பக்கம் அவள் அழுகிறாளா என்று தெரியவில்லை. கொஞ்சம் கழித்து, "பரவாயில்லம்மா. ஒரு கல்யாணத்துலயாவது நீங்க அவர் பக்கத்துல நின்னீங்கல்ல. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல அதைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தாரு, அம்மா நிக்கலையேன்னு" என்றாள்.

அவ்வளவுதான் தம்பி. போனை வைத்த பிறகு அம்மா கீரையை உருவி முடித்தாள், குழம்பு வைத்தாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "அந்த வீடு அந்தப் புள்ளைக்கு. நம்ம பங்குன்னு இங்கன ஒண்ணும் வேணாம். நாளைக்கே ராம்நாட்டுக்குப் போயி மாத்தி எழுதுவோம்" என்றாள். நான் சட்டம் பேசினேன். உன் கல்யாணத்தைச் சொன்னேன், மதுரை வீட்டைச் சொன்னேன். "அவன் கட்டியிருந்தா இந்த வீட்டுக்கு மூத்த மருமவ. அவ குடியிருக்க வீட்டுல பாதிய அறுத்துக் கொண்டாந்தா, சின்னவன் அதுல நல்லா இருப்பானா?" என்று கேட்டாள். உன் மேல் கோபமாகக் கேட்கவில்லை. உன்னை நினைத்து வந்த பயத்தில் கேட்டாள். ஒரு பிள்ளை போன பிறகு மிச்சம் இருக்கிற பிள்ளை மேல் வருகிற பயம் அது. நீயும் ஒரு நாள் பெற்று வளர்த்தால் தெரியும்.

மறுநாள் பழைய பத்திரத்தை ரத்து செய்தோம். தாலுகா அலுவலகம் போய் அந்த வி.ஏ.ஓ. பெண்ணையும் கூட்டிக்கொண்டு, வாரிசு சான்றிதழில் தவறான தகவல் கொடுத்தவன் நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். அவள் மேல் பழி வரக் கூடாது. தாசில்தார் நல்லவர், என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். திருத்தி, ஆள் வைத்து முத்திரைகளும் வாங்கிய சான்றிதழ் உன் காகிதக் கட்டுக்குள் இருக்கிறது. அதில் முதல் பெயர் அவளுடையது. மதுரை வீட்டுக்கு என்ன செய்வது என்று கேட்பாய். தெற்குப் புஞ்சையை விற்கலாம் என்று நினைக்கிறேன். அதை நீ திரும்பி வந்த பிறகு பேசுவோம். அது நம் ஊர், நம் சட்டம், எனக்குத் தெரிந்த வேலை.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், அப்பனாகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே, அலுவலகத்தில் பார்த்தவனாகச் சொல்கிறேன். கல்யாணம் முடிந்ததும் நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து, எது எங்கே இருக்கிறது, யாருக்கு என்று எழுதி வையுங்கள். அபசகுனம் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு. எங்களிடம் சொல்லப் பயமாக இருக்கிற விஷயம் எதுவாக இருந்தாலும், பொங்கல் வரை, தீபாவளி வரை என்று தள்ளிப்போடாதே. அன்றைக்கே போனைப் போடு. நான் கத்துவேன். கத்திவிட்டுப் போகிறேன்.

வெள்ளைத் துணியில் சுற்றிய பொட்டலம் ஒன்று பையின் அடியில் இருக்கிறது. பிரிக்காதே. அம்மா அவளுக்குக் கொடுக்கச் சொன்ன சேலை. மஞ்சள் நிறம் வேண்டாம் என்று கடைக்காரனிடம் மூன்று தடவை சொல்லி வாங்கியது. வேறு எதுவும் இல்லை. கையெழுத்தெல்லாம் வக்கீல் அலுவலகத்தில் முடிந்துவிடும். ஆனாலும் முதலில் வீட்டுக்குப் போ. போனதும் காகிதத்தை எடுக்காதே. கதவைத் திறக்கும்போது உனக்கும் என்ன பேசுவதென்று தெரியாது, அவளுக்கும் தெரியாது. பெயரைச் சொல்லிக் கூப்பிடாதே, மேடம் கீடம் என்றும் ஆரம்பிக்காதே. "மதினி" என்று கூப்பிடு. அங்கே அண்ணி என்பார்கள், இந்தச் சொல் அவளுக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம். என்ன என்று கேட்டால், எங்கள் ஊரில் அண்ணன் பெண்டாட்டியை இப்படித்தான் கூப்பிடுவோம் என்று சொல்.

அய்யா